ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு

கிண்ணியாவில் வந்து பஸ்மியா என்று மொட்டையாகக் கேட்டால், எந்தப் பஸ்மியா என்று திருப்பிக் கேட்பார்கள். தயிர் விற்கிற பஸ்மியா என்றால் உடனே தெரிந்துவிடும். தெரிந்ததும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். நாகரிகம் பார்க்கிறவர்கள் "ஓ, அந்தப் பிரச்சினைப்பட்ட பொம்பிளையா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பார்க்காதவர்கள் "ஊர்ப் பாலையெல்லாம் நாசமாக்கினவ" என்று தொடங்கி, நீங்கள் கேட்காமலே மிச்சத்தையும் சொல்லி முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதை நம்பிப் போய்விடாதீர்கள். நடந்தது வேறு.

பஸ்மியா பிறந்தது மூதூரில். படிப்பில் சுட்டி. பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வருசத்தில்தான் சண்டை வந்து ஊர் முழுக்கக் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்தது. கிடைத்த பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பங்கள். அதற்குள்ளே குந்தியிருந்து படித்து, விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தாள். முடிவு வந்த அன்று அவளுடைய உம்மா அழுதாளாம். சந்தோசத்தில் அல்ல, இந்த ஏ-யை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று. என்ன செய்வது, அடுத்த வருசமே கிண்ணியாவில் எருமைப் பட்டி வைத்திருந்த ஹஸ்மிக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

ஹஸ்மியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மனுசன். எருமைகளோடு கதைக்கிற அளவுக்கு மனுசரோடு கதைக்கமாட்டான், அவ்வளவுதான். ஆனால் அவனுடைய மூத்த சகோதரி இருக்கிறாளே, சித்தி பரீதா என்று பெயர், பஸ்மியாவுக்கு மச்சி, அவள் தம்பியின் பங்குக்கும் சேர்த்துக் கதைப்பாள். அவளைக் கட்டிய மாப்பிள்ளை அபூதாஹிர் ஹாஜியார் பால்காரர் சங்கத்தின் தலைவர். பஸ்மியா வந்த முதல் கிழமையே, பால் பொங்கி வழிந்த ஒரு நாளில், "படிச்ச புள்ளைக்குப் பாலைக் கவனிக்க நேரமேது" என்றாள் பரீதா. அன்றிலிருந்து பஸ்மியாவுக்கு அந்த வீட்டில் பெயர் படிச்ச புள்ள. கறிக்கு உப்புக் கூடினாலும் படிச்ச புள்ள, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் படிச்ச புள்ள. பதினெட்டு வருசம் இதைக் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

அவள் தயிர் வேலையைப் பழகினாள். நன்றாகவே பழகினாள். எருமைப்பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு வரவிட்டு, முதல் நாள் தயிரில் கொஞ்சம் உறையாக எடுத்துக் கலந்து சட்டிகளில் ஊற்றி, வாய்க்குக் கடதாசி கட்டி வைத்தால் விடியும்போது தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. சட்டி மட்டும் புதிதாக இருக்கவேண்டும், ஒருவருக்கு விற்ற சட்டி திரும்பி வராது. சூளையிலிருந்து வருகிற புதுச்சட்டியில் மண்வாடையும் சாம்பலும் இருக்கும் என்பதால், அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். சட்டிகளை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி ஊறப்போட்டு, மறுநாள் வெயிலில் காயவைத்துத்தான் பால் ஊற்றுவார்கள். புதுச்சட்டி தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கும், மேலே குமிழி குமிழியாக வரும். குமிழி நின்றால் சட்டிக்குத் தாகம் அடங்கிவிட்டது என்று கணக்கு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், இரண்டு வருசத்துக்கு முந்தி, திட்டம் வந்தது. எங்கள் பக்கம் சுனாமிக்குப் பிறகு எத்தனையோ திட்டம் வந்து பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. இது தயிர்த் திட்டம். சங்கத்துக்கு ஒரு நிலையம் கட்டித் தருவார்களாம். எல்லாருடைய பாலும் அங்கே சேர்ந்து, ஒரே தரத்தில் தயிராகி, நிலாவெளி ஹோட்டல்களுக்குப் போகுமாம். அதற்கு முன்னால் தயிர்க்காரப் பெண்களுக்கு வகுப்பு, வகுப்பு முடிய ஒரு பரீட்சை. உணவு விஞ்ஞானமும் நனோ தொழினுட்பமும், அடிப்படை அறிவுப் பரீட்சை. அதில் முதலாவதாக வருகிறவர்தான் நிலையத்தின் தரப் பொறுப்பாளர். வெள்ளைக் கோட்டு, மேசை, கதிரை எல்லாம் உண்டு.

மற்றப் பெண்களுக்கு இது ஒரு தொல்லை. பஸ்மியாவுக்கோ, கந்தளாய் வகுப்பறையில் விட்டுவிட்டு வந்த ஒன்றை யாரோ தேடிக் கொண்டுவந்து வாசலில் வைத்தது போல இருந்தது. அந்தக் கதிரை தனக்கு வேண்டும் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் வேண்டும், சோறு தண்ணீரைவிட வேண்டும்.

சனிக்கிழமை உணவு விஞ்ஞானம். படிப்பித்தது சிவாஜினி, திருகோணமலை ரவுனிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை, பட்டம் முடித்து ஒப்பந்தத்தில் வேலை. மெல்லிய குரல். பாலைத் தயிராக்குவது பற்றீரியா என்கிற நுண்ணங்கி என்றும், உறைத்தயிர் ஒரு கரண்டியில் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன என்றும், அவை பெருகிப் பாலைப் புளிக்க வைப்பதால்தான் தயிர் இறுகுகிறது என்றும் சொன்னாள்.

"அப்ப இவ்வளவு காலமும் கோடிக்கணக்கில உசிரைத்தான் திண்டு கொண்டிருந்தமா?" என்றாள் சித்தி பரீதா. வகுப்பே சிரித்தது.

"ஓம் அக்கா, அதுகள் நல்ல உயிர்கள்" என்றாள் சிவாஜினி. "அதுகளைச் சாகவிடாமல் வைச்சிருக்கிறதுதான் உங்கட தொழிலே."

ஞாயிற்றுக்கிழமை நனோ தொழினுட்பம். அதற்கு ரிஷாத் என்கிற ஒருவர் கொழும்பிலிருந்து காரில் வருவார். கழுத்துப்பட்டி, மடிக்கணினி, வாயில் ஆளை மயக்குகிற பேச்சு. ஒரு மயிரின் தடிப்பை எண்பதாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு சின்னது ஒரு நனோமீற்றர் என்றார். வெள்ளியை அந்த அளவுக்குப் பொடித்துத் தண்ணீரில் விட்டால் அது எந்த இடுக்கிலும் நுழையுமாம், நுழைந்த இடத்தில் கிருமி ஒன்றும் மிஞ்சாதாம். சாயம்போன தேத்தண்ணி நிறத்தில் ஒரு போத்தலை உயர்த்திக் காட்டினார். இரண்டு பாண் துண்டு கொண்டுவந்திருந்தார். ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது, இந்தத் தண்ணீர் தெளித்த மற்றது அப்படியே இருந்தது.

"கிருமிதான் உங்கட முதல் எதிரி" என்றார் ரிஷாத்.

பஸ்மியா எழும்பி நின்றாள். பள்ளிக்கூடத்தில் நிற்பது போலவே நின்றாள். "சேர், இதைச் சட்டிக்கும் விடலாமா?"

"எல்லாத்துக்கும் விடலாம் சிஸ்டர். பாத்திரம், மேசை, நிலம், எதுக்கும் பயப்பிடத் தேவையில்லை."

அந்த மனுசன் தன் வாழ்நாளில் ஒரு தயிர்ச்சட்டியைக் கையில் பிடித்திருப்பாரோ என்னவோ. சட்டி என்றதும் அவர் மனதில் பட்டது வீட்டுக் குசினியில் கிடக்கிற எவர்சில்வர் சட்டியாகத்தான் இருக்கவேண்டும். கேட்டவளுக்கோ சட்டி என்றால் மண்சட்டி, வேறு சட்டியே உலகத்தில் இல்லை. அவர் சொன்னதை நாற்பது பெண்கள் காதால் கேட்டார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

பரீட்சை ஒரு புதன்கிழமை காலை. இருபத்தைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு விடை, சரியானதன் கீழே கோடு போடவேண்டும். பேனை பிடித்துப் பழக்கமில்லாத பெண்கள் விரலில் மை பூசிக்கொண்டு அல்லாஹ்வைக் கூப்பிட்டார்கள். ஏழாவது கேள்வி: பாலைத் தயிராக மாற்றுவது எது. பஸ்மியா இலற்றிக் அமில பற்றீரியாவுக்குக் கோடு போட்டாள். மற்றப் பக்கத்தில் பத்தொன்பதாவது கேள்வி: நனோ வெள்ளித் துணிக்கைகளின் பிரதான பயன் யாது. நுண்ணங்கிகளை அழித்தல். அதற்கும் கோடு போட்டாள். இரண்டையும் எழுதிவிட்டு மேலே போனாள், இரண்டும் சரி.

"பாலைத் தயிராக்கிறது எருமையா நானா எண்டு கேட்டிருந்தா நானும் பாஸாகியிருப்பன்" என்று வெளியே வந்து சொன்னாள் பரீதா. அவளுக்குப் பன்னிரண்டு மார்க்.

பஸ்மியாவுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. சிவாஜினி அவள் பெயரை வாசித்தபோது கை தட்டினார்கள், பரீதாகூடத் தட்டினாள். பிழையாகிப்போனது ஒரேயொரு கேள்வி, ஒரு நனோமீற்றர் மீற்றரின் எத்தனையில் ஒரு பங்கு என்பது. நூறு கோடிக்குப் பதில் பத்து இலட்சத்துக்குக் கோடு போட்டுவிட்டாள். அந்த இரண்டு மார்க்கை நினைத்து இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நாற்பத்தெட்டா?" என்றான் ஹஸ்மி, எருமைக்குக் கயிறு திரித்துக்கொண்டே. "நல்லம். பிழைச்ச அந்த ஒண்டு என்ன?"

"நனோமீற்றர்."

"அது எங்களுக்குத் தேவைப்படாது" என்றான் அவன். ஆறுதலாகத்தான் சொன்னான்.

நிலையம் கட்டி முடிந்தது. திறப்புவிழாவுக்கு நாள் குறித்தாயிற்று. அன்றைக்கு வருகிற பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டித் தயிர், எல்லாருடைய பாலும் சேர்ந்த முதல் தயிர். அந்தத் தயிரைப் பஸ்மியாதான் உறையவைக்க வேண்டும். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேசையும் கதிரையும் வந்து இறங்கின. சுழல்கிற கதிரை. பால் கலன்களைக் கழுவி வைத்துவிட்டு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்மியா உள்ளே போனால், கதிரையில் அர்ஷாக் உட்கார்ந்து அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறான். அபூதாஹிர் ஹாஜியாருக்கும் பரீதாவுக்கும் மகன். பரீட்சைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன்.

"இவன்தான் முகாமையாளர்" என்றார் ஹாஜியார். "கதிரையில ஆம்பிளை ஒருத்தன் இருந்தாத்தான் வாறவன் போறவன் மதிப்பான், புள்ள. நீ வேலையைப் பாரு. கோட்டை நீயே போட்டுக்க."

"முதலாவதா வாறவங்களுக்கெண்டுதானே சொன்னீங்க."

"முதலாவதா வந்ததாலதான் வேலையை உன்னட்டத் தந்திருக்கு."

விழா வேலைக்கு வந்த பெண்கள் வாசலில் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்டது. பஸ்மியா பதினெட்டு வருசமாக வாய்க்குள் வைத்து மென்று விழுங்கிய சொல்லில் ஒன்று தப்பி வெளியே வந்துவிட்டது.

"அப்ப நாளண்டைக்குத் தயிரையும் அந்தக் கதிரையே உறைய வைக்கட்டும். பாப்பம்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து குசினிக்குள் இருந்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவினாள். வேறு ஒருத்தியாக இருந்தால் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் படுத்திருப்பாள். இவள் அந்த வகை இல்லை. திறப்புவிழாத் தயிரில் எவனும் ஒரு தூசு கண்டுபிடிக்கக்கூடாது, தின்றவன் ஒவ்வொருத்தனும் இதை உறைய வைத்தது யார் என்று கேட்கவேண்டும், கேட்டால் கதிரைக்கு வாய் இருக்காது, தனக்கு இருக்கும். இப்படி நினைத்துக்கொண்டு, பின்னேரம் திரும்பவும் நிலையத்துக்குப் போனாள்.

புதுச்சட்டிகள் வந்து அடுக்கியிருந்தன. பெரிய பரல்களில் தண்ணீர் நிரப்பினாள். வழக்கப்படி ஊறப்போட வேண்டியதுதான். அப்போதுதான் ராக்கைத் தட்டில், ரிஷாத் கொடுத்துவிட்ட அந்தத் தேத்தண்ணி நிற வெள்ளித் தண்ணீர்ப் போத்தல் கண்ணில் பட்டது. ஒரு பரலுக்கு ஒரு மூடி என்று சொல்லியிருந்தார்கள். கோபத்தில் கை தாராளமாயிற்று, இரண்டு மூடி ஊற்றினாள். சட்டி எப்படியும் குடிக்கத்தான் போகிறது, குடிப்பது சுத்தமானதாக இருக்கட்டுமே. சட்டிகளை ஒவ்வொன்றாக அமிழ்த்தினாள். குமிழி குமிழியாக வந்தது. சட்டிகள் ஆசையாகக் குடித்தன, அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் வெயிலில் காயவைத்தாள். தண்ணீர்தான் காயும். மற்றது எங்கே போகும், நுழைந்த இடத்திலேயே கிடக்கும்.

அன்று பின்னேரம் ஊர்ப் பால் முழுக்க வந்தது. காய்ச்சி, ஆற்றி, விரல் வைத்துப் பார்த்து, தன் வீட்டு உறையையே கொண்டுவந்து கலந்தாள். பரீதாவும் கூட நின்று ஊற்றினாள். கடதாசி கட்டினார்கள். ஒரு குறையும் இல்லை.

விடிந்தது. பந்தல், வரவேற்பு, பேச்சு, அதற்கு மேல் ஒரு பேச்சு. ரவுனிலிருந்து வந்த பெரிய உத்தியோகத்தர் ஒருவரின் முன்னால் முதல் சட்டியை வைத்துக் கடதாசியை அவிழ்த்தார்கள். அவர் கரண்டியை விட்டார். கரண்டி நிற்கவில்லை. உள்ளே இருந்தது பால். மேலே மெல்லிய ஆடை, கீழே முதல்நாள் ஊற்றிய அதே பால், சுவை கெட்டு, லேசாக வாடை அடித்துக்கொண்டு. அடுத்த சட்டி, அதற்கடுத்தது, எல்லாம் பால். அர்ஷாக் கதிரையிலிருந்து துள்ளி எழும்பி "இது நான் செய்யல்ல" என்றான். அது உண்மைதான், அவன் ஒன்றுமே செய்யவில்லை.

கூட்டம் கசமுசா என்று கலைந்தது. சிவாஜினிதான் பின்னாலிருந்து வந்து, ஒரு சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு சட்டியின் வெளிப்பக்கத்தைத் தடவினாள்.

"அக்கா, சட்டியை எதில ஊறப்போட்டீங்கள்?"

பஸ்மியா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. ஏழாவது கேள்வியும் பத்தொன்பதாவது கேள்வியும் இப்போதுதான் முதல்தடவையாக அவளுடைய மனதில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. உறையில் இருக்கிற உயிர்தான் தயிர். உயிரைக் கொல்லத்தான் வெள்ளி. மண்சட்டி முழுக்க வெள்ளியைக் குடிக்கவைத்து, அதற்குள் உயிரை ஊற்றி, வாயைக் கட்டி வைத்திருக்கிறாள். இரண்டும் அவளுக்குத் தெரிந்ததுதான். சனிக்கிழமை தெரிந்தது ஒன்று, ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது மற்றது. அவ்வளவு அறிவும் மண்டைக்குள் இருந்து என்ன பிரயோசனம், நாசமாய்ப் போன அறிவு.

"பிழை எங்களிலயும் இருக்கு அக்கா" என்றாள் சிவாஜினி. "ரிஷாத் சேரும் நானும் ஒருநாளும் ஒண்டா இருந்து கதைச்சதில்லை."

நல்ல சொல். ஆனால் அதைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்ல அந்தப் பிள்ளை இருக்கவில்லை. சங்கக் கூட்டத்துக்கு முந்தியே, மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள்.

சங்கக் கூட்டம் அடுத்த வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு. பாலை இழந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ரிஷாத்தும் வந்திருந்தார். பஸ்மியா பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தாள். ஹஸ்மி வாசலோரம் நின்றான்.

"நான் வகுப்பில கேட்டனான்" என்றாள் பஸ்மியா. "சட்டிக்கும் விடலாமா எண்டு. சேர் விடலாம் எண்டு சொன்னவர். அதாலதான் ரெண்டு மூடி விட்டனான்."

"அப்பிடிச் சொன்ன ஞாபகம் இல்ல" என்றார் ரிஷாத். "சொல்லியிருந்தாலும் மண்சட்டியை ஆர் நினைப்பாங்க."

பஸ்மியா திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். கேட்ட காது அத்தனையும் அங்கேதான் இருந்தது. ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள், ஒருத்தி பிள்ளைக்கு மூக்குத் துடைத்தாள். சித்தி பரீதா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலையம் யாருடைய கையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். நாளைக்கும் பால் கொடுக்கவேண்டுமே.

ரிஷாத் ஒரு கோவையைத் திறந்து பஸ்மியாவின் விடைத்தாளை எடுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "ஏழாவது கேள்வி. தயிரை உண்டாக்கிறது பற்றீரியா. சரி. பத்தொன்பதாவது கேள்வி. நனோ வெள்ளி பற்றீரியாவைக் கொல்லும். அதுவும் சரி. இவ்வளவும் தெரிஞ்ச ஒரு ஆள் அதைச் சட்டிக்குள்ள ஏன் விடவேணும்? அதுவும் ரெண்டு மடங்கு?"

சபை முணுமுணுத்தது. யாரோ கதிரைக் கதையை எடுத்தார்கள். அவள் கோபத்தில் சொன்ன அந்தச் சொல்லை ஒருவர் மாற்றி ஒருவர் திரும்பச் சொன்னார்கள், சொல்லச் சொல்ல அது பெரிதாகிக்கொண்டு போனது. பன்னிரண்டு மார்க் எடுத்தவள் இதைச் செய்திருந்தால் ஐயோ பாவம் என்று விட்டிருப்பார்கள். நாற்பத்தெட்டு எடுத்தவள் செய்தால் அது சதி. நீதி இப்படித்தான் நடந்தது.

அபூதாஹிர் ஹாஜியார் கையைத் தூக்கிச் சத்தத்தை அடக்கினார். கெட்ட மனுசர் என்று அவரைச் சொல்ல ஏலாது, தன் மகனுக்கு மட்டும் நல்லவர். குரலைத் தணித்துக்கொண்டு, "இஞ்ச பாரு புள்ள. எங்கட குடும்பத்துப் பொம்பிளை நீ" என்றார். "படிச்சதெல்லாம் பாடமாக்கினது, ஒண்டும் விளங்கேல்ல, தெரியாம நடந்துபோச்சு எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. சங்கம் மன்னிக்கும். உன்ர பாலை எடுப்பம். நிலையத்தில சட்டி கழுவுற வேலையும் இருக்கு. தெரிஞ்சுதான் செஞ்ச எண்டா, பிறகு உனக்கும் உன்ர மாப்பிள்ளைக்கும் இந்தச் சங்கத்தில இடமில்ல."

வாசலில் நின்ற ஹஸ்மி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். சொல்லிவிடு என்று. உண்மையும் அதுதான். தெரியாமல்தான் நடந்தது. அந்த ஒரு சொல்லில் பொய் கொஞ்சமும் இல்லை.

பஸ்மியா எழும்பி நின்றாள். சுற்றிவர எல்லாரும் காத்திருந்தார்கள். மன்னிப்பதற்கு முகத்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, இரக்கப்படுவதற்கு நாக்கை ஈரமாக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் நாளையிலிருந்து தனக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். படிச்ச புள்ளைக்கு ஒண்டும் விளங்கேல்லயாம். சந்தையில், பள்ளிவாசல் வீதியில், கலியாண வீட்டில், தன் பிள்ளைகளின் காது கேட்க. கந்தளாய் வகுப்பறையில் எடுத்த ஏ-யும் பாடமாக்கினதாகிவிடும். அவளிடம் அது ஒன்றுதான் இருந்தது.

"தெரிஞ்சுதான் செஞ்சனான்" என்றாள்.

"என்ன சொன்னாய்?" என்றார் ஹாஜியார்.

"எனக்கு எல்லாம் விளங்கினது. தெரிஞ்சுதான் செஞ்சனான்."

ஹஸ்மி அன்றைக்கு வீடு வரைக்கும் ஒன்றும் கதைக்கவில்லை. அவன் எப்போதும் கதைக்காதவன்தான், ஆனால் இது வேறு. அடுத்த கிழமை நிலையம் அவர்களுடைய பாலை எடுக்கவில்லை. ஹோட்டல்களுக்கு அர்ஷாக்கின் கையெழுத்தோடு தயிர் போகத் தொடங்கியது, பழைய முறைப்படி வெறும் தண்ணீரில் ஊறிய சட்டிகளில். ஹஸ்மி நாலு எருமையை விற்றான். பஸ்மியா பாலத்தடி வீதியோரத்தில் ஒரு மேசை போட்டுத் தயிர் விற்கிறாள். வெளியூர்க்காரர் பஸ்ஸை நிறுத்தி வாங்குவார்கள். ஊர்க்காரர் பார்த்துக்கொண்டு போவார்கள். நாசமான சட்டிகளைச் சங்கம் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிவந்து அவள் வீட்டு வளவுக்குள் கொட்டிவிட்டுப் போனது, உன்னுடையதை நீயே வைத்துக்கொள் என்று. மாரியில் அவற்றில் மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. எத்தனை நாள் கிடந்தும் நாறவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் காலை சித்தி பரீதா வந்தாள். கையில் ஒரு கிண்ணம் வட்டிலப்பம், பெருநாளுக்குச் செய்கிற இனிப்பு. கூப்பிடாமலே குசினிக்குள் வந்து, பலகையை இழுத்துப்போட்டு இருந்தாள். பஸ்மியா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பரீதா குடிக்கவில்லை.

"நீ அண்டைக்கு அந்தாளிட்டச் சட்டிக்கு விடலாமா எண்டு கேட்டது எனக்கு நல்லாக் கேட்டது" என்றாள். "அவர் சொன்னதும் கேட்டது. கூட்டத்தில என்னால சொல்ல ஏலாமப் போச்சு. எனக்கு நித்திரை இல்ல, புள்ள."

பஸ்மியா அடுப்பில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"உன்னோட நிண்டு நானும்தானே பால் ஊத்தினன். உன்ர முகத்தைப் பாத்தனான். நீ வேணுமெண்டு செய்யல்ல. நான் ஆருக்கும் சொல்லமாட்டன், குர்ஆன் மேல சத்தியம். எனக்கு மட்டும் சொல்லு. தெரியாமத்தானே செஞ்ச?"

பால் பொங்கி மேலே வந்தது. பஸ்மியா விறகை இழுத்து வைத்தாள். பொங்கினது அடங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சி, பரீட்சையில நான் எடுத்த மார்க் எவ்வளவு?"

பரீதா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "அம்பதுக்கு நாப்பத்தெட்டு."

"அப்ப எனக்குத் தெரியாம இருக்குமா?" என்றாள் பஸ்மியா. பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றாள்.